கச்சான் வரட்டும் என்றேன்

என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டே கடலுக்குள் போனாள். நான் கரையில் நின்று அதைப் பார்த்தேன். வேறு எதுவும் செய்ய என்னால் முடியவில்லை.

அன்பானவர்களே, இதைச் சபையில் எழுந்து நின்று சொல்லும்படி எத்தனையோ தடவை கேட்டீர்கள். நானும் எழும்பிப் பார்த்தேன். "ஆண்டவருக்கு நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எழுதினால் இடையில் நிறுத்தி அழுதுவிட்டுத் தொடரலாம் என்று என் கணவர் சொன்னார். அவர் சொல்வதிலும் எப்போதாவது நியாயம் இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாகவும் நிலவைக் கணக்கிட்டு வரும் போயா தினம் விடுமுறையாகவும் இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். விடிய முன் ஆராதனைக்கு ஓடி, அங்கிருந்து கந்தோருக்கு ஓடிய காலம். என் கணவர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு மாற்றலாகி வந்து எங்களுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் பிறந்து வளர்ந்தது தோட்டக் கிராமத்தில். மிளகாய்க் கன்றைப் பற்றிக் கேளுங்கள், வெங்காயப் பாத்தியைப் பற்றிக் கேளுங்கள், சொல்வேன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் மீன் இருக்கிறது என்பதுதான்.

மகள் சுகந்திக்கு அப்போது எட்டு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. அவளுக்கு முன் பிறந்தது இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக அவள் பிறந்து, அழுத சத்தம் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவளை நான் எப்படி வளர்த்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தும்மினாலும் பள்ளிக்கூடம் அனுப்பமாட்டேன்.

ஆடி மாதம், பள்ளி விடுமுறை. கடலைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நின்றாள். பட்டினத்துக் கடற்கரையில் சனம் அதிகம், இறக்கக்கண்டிப் பக்கம் போனால் அரிசி மா கொட்டினது போல வெள்ளை மணல், ஒரு குஞ்சு குருமானும் இருக்காது என்று கந்தோரில் யாரோ என் கணவரிடம் சொல்லிவிட்டார்கள். பயமில்லாமல் மிதக்கட்டும் என்று சாரதி ஒருவரிடம் பழைய லொறி றியூப் ஒன்றும் வாங்கி, காற்றடித்து வைத்துக்கொண்டார். ஒரு போயா நாள் காலையில் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு நிலாவெளிப் பாதையால் போகும் பஸ்ஸில் ஏறினோம்.

"உதுக்கும் ஒரு ரிக்கற் எடுக்கவேணும் ஐயா. ஒரு ஆளின்ர இடத்தையெல்லோ பிடிக்குது" என்று கொண்டக்டர் றியூப்பைக் காட்டிப் பகிடி விட்டார். பஸ்ஸே சிரித்தது. அதைத் தலையில் மாட்டிக்கொண்டு இவர் இறங்கிப் போன கோலத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். அன்று நாங்கள் நிறையவே சிரித்தோம்.

கரைக்கு வந்து கடலைப் பார்த்ததும் என் பயமெல்லாம் போய்விட்டது. அலையே இல்லை. எங்கள் ஊர்க் குளத்தில்கூட அதைவிட அலை அடிக்கும். தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது, கால் விரல் தெரிந்தது. தெற்கே தூரத்தில் புறாமலை. ஆள் நடமாட்டம் இல்லை. மணலில் ஓலைப் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்த ஒரு பெண் மட்டும் அவசரம் அவசரமாக அதை அள்ளிக் கடகத்தில் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் பாக்கியம் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போனவர் எங்களைக் கண்டு நின்றார்.

"தங்கச்சி, கச்சான் வரப்போகுது. பிள்ளையைக் கரையில வைச்சிருங்கோ" என்றார்.

நிலக்கடலையை நாங்கள் கச்சான் என்போம். யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழா என்றாலும் கச்சான் விற்பவர் வருவார், கடற்கரை என்றாலும் வருவார். சுகந்திக்குக் கச்சான் என்றால் சோறும் வேண்டாம். கச்சான்காரர் வந்து போய்விடுவார், பிள்ளை தண்ணீருக்குள் நின்றால் தவறிவிடும் என்று இந்த அக்கா எவ்வளவு கரிசனையாகச் சொல்கிறார்! எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"ஓமக்கா, வரட்டும், வரட்டும். பிள்ளைக்கு அதெண்டா உயிர்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உயிரோ?"

"ஓமக்கா. அதுக்காகவே இவ்வளவு தூரம் வரலாம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறென்று நடந்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கடலோரத்துச் சனம் கொஞ்சம் முரடுதான் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று றியூப்பைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை அதற்குள் உட்கார்ந்து, காலை வெளியே நீட்டிக்கொண்டு, பெரிய மகாராணி. நான் கரையில் குடைக்குக் கீழே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் முதுகுப் பக்கமிருந்து, தரையிலிருந்து, ஒரு சூட்டுக் காற்று எழும்பியது. வியர்வை காய்ந்தது. நல்ல காற்று என்று சொல்லிக்கூட இருப்பேன்.

"அம்மா, கச்சான் வந்திட்டுதோ?" பிள்ளை கடலுக்குள் இருந்து கத்தினாள்.

"இன்னும் இல்லையம்மா. வந்தவுடன கூப்பிடுறன்."

என் சேலைத் தலைப்பு கடலைப் பார்த்துப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் அப்படித்தான் பதில் சொன்னேன்.

திடீரென்று குடை என் கையைவிட்டுப் போனது. உருண்டு உருண்டு தண்ணீரில் விழுந்து, கவிழ்ந்து, ஓடத் தொடங்கியது. பிள்ளை கைதட்டிச் சிரித்தாள். இவர் குடையை எட்டிப் பிடிக்க றியூப்பை விட்டார். இரண்டு எட்டு வைத்திருப்பார். அவ்வளவுதான். நான் குடையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்கிறேன், பிள்ளை இருந்த இடத்தில் பிள்ளை இல்லை. அப்பால் இருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் அப்பால் போனாள்.

இவர் பாய்ந்தார். அந்தக் கரை கொஞ்சத் தூரம் போனதும் கிணறு போலச் சட்டென்று இறங்குகிறது. ஆள் தலை மறையத் தாண்டு எழும்பினார். தண்ணீர் குடித்து இருமிக்கொண்டு திரும்பவும் பாய்ந்தார். இவருக்கு நீந்தத் தெரியாது. நான் சேலையோடு இறங்கி இவரின் கையைப் பிடித்துவிட்டேன். "விடு, விடு" என்று என்னை உதறினார். "நீங்களும் போனா நான் என்ன செய்வன்?" என்று கத்திக்கொண்டு, பிடித்த பிடி விடாமல் கரைக்கு இழுத்துப் போட்டேன். அந்தப் பலம் எனக்கு எங்கிருந்து வந்ததோ.

"சுகந்தி! இறங்காதை! றியூப்பை விடாதை! இறுக்கிப் பிடி!"

காற்று என் பக்கமிருந்து அடித்ததால் என் குரல் அவளுக்குக் கேட்டது. அவள் றியூப்பைக் கட்டிப் பிடித்தாள். ஆனால் அவள் குரல் எனக்கு வரவில்லை. வாய் திறப்பது தெரிந்தது. அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், அது தெரிந்தது. சத்தம் இல்லை. இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்தவள் நான். அவர்களும் சத்தமில்லாமல்தான் போனார்கள்.

மணலில் முழங்காலில் விழுந்தேன். ஜெபிக்கத் தெரிந்தவள் என்று உங்களிடம் பெயர் எடுத்தவள் நான். பெண்கள் கூட்டத்தில் நீளமாக ஜெபிப்பேன். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் வந்தது இதுதான்: "ஆண்டவரே, இந்தக் காற்றை நிற்பாட்டும்!" கடலையும் காற்றையும் அதட்டி அடக்கியவர் அவர்தானே. அவருக்கு இது ஒரு வேலையா? "நிற்பாட்டும், நிற்பாட்டும்" என்று மணலில் கையால் அடித்து அடித்துக் கேட்டேன்.

காற்று நிற்கவில்லை. இன்னும் பலமாக அடித்தது. மணல் பறந்து முதுகில் ஊசியாகக் குத்தியது. றியூப் ஒரு கறுப்புப் புள்ளியாகிவிட்டது. ஒருவரும் கேட்கவில்லை, மேலே ஒருவரும் இல்லை என்று நினைத்தேன். ஆம், நினைத்தேன். சாட்சி எழுதும்போது உள்ளதை எழுதவேண்டும்.

அப்போதுதான் பின்னால் ஒரு ஏச்சுச் சத்தம் கேட்டது. திரும்பினால் அதே கருவாட்டுக்கார அக்கா. கடகம் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையை வீசி வீசி, மணலை உழுதுகொண்டு வருகிறார். முகத்தில் அப்படி ஒரு கோபம்.

"உனக்கென்ன விசரே? கச்சான் உயிராம்! வரட்டுமாம்! கச்சானுக்குள்ள பிள்ளையை விட்டிட்டு..."

என் பிள்ளை சாகிறாள், இந்த அக்கா கச்சான் கதை கதைக்கிறார்! எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா, அவருக்கா என்று விளங்கவில்லை. கையை நீட்டிக் கடலைக் காட்டினேன். அந்தப் புள்ளியைக் கண்டார். ஏச்சு அப்படியே நின்றது. அடுத்த கணம் திரும்பி, வந்த பக்கமாக ஓடினார். ஓடிக்கொண்டே தன் புருஷனைக் கூப்பிட்டார். அப்படி ஒரு கூவலை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கரை வளையும் இடத்தில், தாழம் பற்றைக்கு அப்பால், அவர்களின் வள்ளம் நின்றிருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. வள்ளத்தைத் தள்ளி இரண்டு பேர் ஏறுவது தெரிந்தது. எஞ்சினின் கயிற்றை இழுத்தார்கள். பிடிக்கவில்லை. திரும்ப இழுத்தார்கள். பிடிக்கவில்லை. ஒவ்வொரு இழுவைக்கும் என் உயிர் போய் வந்தது. பிறகு புகை கிளம்பியது. வள்ளம் கடலைக் கிழித்துக்கொண்டு போனது.

கறுப்புப் புள்ளி அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அக்கா மூச்சு வாங்கத் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். என் கையைப் பிடித்தார். காப்பு அழுந்தி வலிக்கும்படி பிடித்தார். கோபமெல்லாம் எங்கே போனதோ.

"ஆளைத் தெரியேல்லையே அக்கா! எந்தப் பக்கம் எண்டு தேடுவினம்?"

"அழாதையுங்கோ. கச்சான் ஒரே சீராத்தான் அடிக்குது. அது கொண்டுபோன வழியிலதான் இவரும் போறார். கச்சான் விழுந்து நிண்டாத்தான் கரைச்சல். பிறகு நீரோட்டம் புறாமலைக் கல்லுப் பக்கம் இழுத்துப்போடும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கச்சான் அடிக்கிறது. கச்சான் கொண்டுபோகிறது. இந்தக் கரையில் கச்சான் என்றால் காற்று! ஆடி மாதத்தில் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. தரையிலிருந்து வருவதால்தான் கரையில் அலை எழும்பாது. கடல் குளம் போலப் படுத்துக் கிடக்கும். அந்தக் குளத்தில் மிதப்பது எதுவானாலும், குடையோ பிள்ளையோ, நேரே நடுக்கடலுக்குப் போகும். "கச்சான் வரப்போகுது, பிள்ளையைக் கரையில வைச்சிருங்கோ." வரட்டும் என்று சொன்னேனே! பிள்ளைக்கு அது உயிர் என்று சொன்னேனே!

இன்னொன்றும் அப்போது உறைத்தது. காற்றை நிற்பாட்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றிருந்தால் பிள்ளை கல்லுப் பக்கம் போயிருப்பாள். என் ஜெபத்தை ஆண்டவர் அப்படியே கேட்டிருந்தால்! நான் உடனே வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு மெதுவாக, "உமக்குத் தெரிந்தபடி செய்யும்" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் கேட்கப் பயமாக இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. இவர் மணலில் இருந்து, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடை, குடை என்று முணுமுணுத்தபடி இருந்தார். கடைசியில் அக்காவின் கண்ணுக்குத்தான் முதலில் பட்டது.

"வருகினம்."

"பிள்ளை?"

அவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அதுதான் நரகம்.

"றியூப் தெரியுது" என்றார். "றியூப்புக்குள்ள தலையும் தெரியுது."

காற்றை எதிர்த்து வந்ததால் வள்ளம் எழும்பி எழும்பி விழுந்தது. அது கரை தட்ட முன்னமே நான் கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றிருக்கிறேன், எனக்கு நினைவில்லை. பிள்ளை வள்ளத்துக்குள் றியூப்போடு இருந்தாள். உதடு நீலம் பாய்ந்து, பல் கிடுகிடுத்தது. விரலைப் பிரிக்க முடியாமல் பிள்ளையையும் றியூப்பையும் ஒன்றாகத்தான் தூக்கிப் போட்டார்களாம். விடாதை என்று நான் கத்தினேன் அல்லவா, அவள் விடவில்லை. நான் ஒவ்வொரு விரலாகத் தடவித் தடவிப் பிரித்தேன். அப்போது வாய் திறந்து அவள் சொன்ன முதல் பேச்சு:

"அம்மா, கச்சான் வரவேயில்லை."

அக்கா திடுக்கிட்டுப் போனார். "என்ன கச்சான் வரேல்லை? பிள்ளை என்ன சொல்லுது?"

"தின்னுற கச்சான், அக்கா" என்றேன். "நீங்கள் சொன்னது எனக்கு அப்படித்தான் விளங்கினது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு பொத்தென்று மணலில் இருந்தார். தலையில் அடித்துக்கொண்டார். "அட பிள்ளையாரப்பா! கச்சான் கொட்டையோ!" சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அப்படியே.

வள்ளத்தை இழுத்துப்போட்டுவிட்டு வந்த அவரின் கணவர்தான் மிச்சத்தைச் சொன்னார். "நான் எஞ்சினைக் கழட்டி வீட்டை கொண்டுபோக ஆயத்தப்பட்டனான். கச்சான் தொடங்கினா நாங்கள் இறங்கமாட்டம். இவள் வந்து ஒரே கத்தல். அங்க ஒரு விசரி நிக்கிறாள், கச்சான் வரட்டுமாம், பிள்ளைக்கு அது உயிராம், பிள்ளை கடலுக்குள்ள போனாலும் போகும், எஞ்சினைக் கழட்டாதையுங்கோ, போய் ரெண்டு ஏச்சு ஏசிப்போட்டு வாறன் எண்டாள்."

"ஓம் தங்கச்சி. சண்டை பிடிக்கத்தான் வந்தனான்" என்றார் பாக்கியம் அக்கா.

"சரியக்கா" என்று மட்டும் அன்று சொல்லிவிட்டு, விளங்காமல் பிள்ளையை இறக்கியிருந்தால், அவர் தன் பாட்டுக்குப் போயிருப்பார். எஞ்சினும் வீட்டுக்குப் போயிருக்கும். ஒழுங்காக விளங்கியிருந்தால் பிள்ளை கடலுக்கே போயிருக்கமாட்டாளே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான், அதை நான் எத்தனை இரவு நினைத்து எழும்பியிருக்கிறேன். ஆனால் என் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த அந்த ஒரு சொல்லைக் கொண்டுதான் ஆண்டவர் அவளைத் திருப்பி எடுத்தார். நான் மணலில் விழுந்து கூப்பிட முன்னமே, ஒருத்தியைக் கோபப்படுத்தி, என்னிடம் நடக்கவிட்டிருந்தார்.

அன்று பின்னேரம் பாக்கியம் அக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். நான் அவர் வீட்டு முற்றத்தில் முழங்காலில் நின்று என் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். இதைக் கேட்டு உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள், தெரியும். சுளியுங்கள். இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காகத்தான் அழுதோம்.

சுகந்தி இப்போது இருபதைத் தாண்டிவிட்டாள். அக்கா பட்டினத்துக்கு வரும்போதெல்லாம் படலையில் நின்று, "கச்சான் வந்திருக்கு!" என்று கூப்பிடுவார். கையில் ஒரு சுருள் வறுத்த கச்சானும் இருக்கும். சுகந்தி ஓடிப்போய் வாங்குவாள். என்னால் மட்டும் இன்றுவரை ஒரு பருப்பு வாயில் வைக்க முடியவில்லை.

நான் மாறிவிட்டேன். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகும்போது நான் எப்படி ஆள் என்று உங்களுக்குத் தெரியும். அங்குள்ள சனத்தைக் கேட்காமல் ஒரு பிள்ளையின் கால் நனைய விடமாட்டேன். ஒருமுறை சொன்னால் போதாது, "என்ன சொன்னனீங்கள்?" என்று திரும்பக் கேட்பேன். முதுகில் காற்று அடித்து முன்னால் கடல் அழகாகப் படுத்துக் கிடந்தால், எல்லாரையும் மணலில் இருத்திவிடுவேன். மிதக்கிற சாமான் எதுவும் கொண்டுவர விடமாட்டேன். ரீச்சருக்குப் பயம் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். ஓம், பயம்தான்.

ஜெபமும் மாறிவிட்டது. இதை நிற்பாட்டும், அதைத் திருப்பும் என்று நான் இப்போது வழி காட்டுவதில்லை. கேட்பேன், அழுவேன், பிறகு அவரிடம் விட்டுவிடுவேன். உங்களில் யாராவது இன்றைக்கு மணலில் கையால் அடித்துக்கொண்டு இருந்தால், உங்கள் காற்று நிற்கவில்லை என்றால், கேட்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தலையை நிமிர்த்தித் திரும்பிப் பாருங்கள். உங்களை ஏசிக்கொண்டு யாராவது வரக்கூடும். வரட்டும்.